நாலாவது மாடியில் நாற்பது விநாடி

“பதினோராயிரம் வரி. எல்லாமே ஒரே தேதி, ஒரே நிமிஷம்” என்றார் அக்கா. “இந்தம்மாவுக்கு எத்தனை கை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.”

முதலாளி எண்ணிப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மணி ஒன்றரை.

அக்கா துப்பறிகிறவர். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் புரோகிராம் எழுதினேன். வாய் சும்மா இருக்காததால் அந்த வேலை போயிற்று. அதே வாய்க்காக அக்கா என்னை வைத்துக்கொண்டார். வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் கூரியர்காரர் என்பதால், வெளியே வந்தால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன்.

இந்த முதலாளியின் கம்பெனி, லிஃப்ட்டுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுகிறது. முந்நூற்று நாற்பது கட்டடங்களில் அவர்கள் சொன்னால்தான் லிஃப்ட் ஏறும், இறங்கும். அந்த மென்பொருளின் நடு வயிற்றில் ‘லிஃப்ட்’ என்று ஒரு கிளாஸ் இருந்தது. கிளாஸ் என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை. ஒரு பொருளுக்கு என்னென்ன தெரியும், அது என்னென்ன செய்யும் என்று ஒரே இடத்தில் எழுதி வைப்பது. ஏறு, இறங்கு, கதவைத் திற என்று மூன்றோடு விட்டிருக்கலாம். இது விசிறி போட்டது, விளக்கணைத்தது, எண்ணெய் பார்த்தது, குடியிருப்பவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பியது. பதினோரு வருடமாக வந்தவர் போனவர் எல்லாரும் ஆளுக்கொரு மூட்டையை அதன் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். உச்சியில் ஒரு குறிப்பு வேறு: ‘இந்த கிளாஸைப் பிரிக்காதீர்கள். காரணம் கேட்காதீர்கள்.’ யாரும் கேட்கவில்லை.

பிரித்த அந்தம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். ஆபீஸில் அவருக்குச் செமிகோலன் என்று பட்டப்பெயர். புரோகிராமில் வரி முடிகிற இடத்தில் அந்தக் குறிதான் வரும்; இவரும் ஒரு வரியையும் முடிக்காமல் விடமாட்டாராம். நாற்பத்து நாலு வயது. ஆறு மாதம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்தப் பூதத்தை முப்பத்தொரு சின்ன கிளாஸாகப் பிரித்து எழுதியிருந்தார். முதலில் இருபத்தேழாம் எண் கட்டடத்தில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். எட்டு நாள் மூச்சுப் பேச்சில்லை. ஒன்பதாம் நாள், அதாவது இன்று காலை, பெயர் போடாமல் ஒரு புகார் வந்தது.

‘நாலு பத்துக்கு லிஃப்ட் வருவதில்லை. யார் நிறுத்தியது?’

எந்த நாலு பத்து என்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய கிளாஸைக் குடைந்து பார்த்தபோது, பதினாலு வரிகள் கிடைத்தன. அவற்றை எழுதியது யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அது செமிகோலனின் பெயரைச் சொன்னது.

“அஞ்சு மணிக்கு நான் முடிவு சொல்லணும்” என்றார் முதலாளி. “புதுசை எல்லாக் கட்டடத்துக்கும் போடறதா, பழசுக்கே திரும்பறதா. அதுக்குள்ள இதை எழுதினது யாருன்னு எழுத்துல வேணும். இல்லேன்னா இவங்க வீட்டுக்குப் போகலாம். போலீஸுக்கும் சொல்லிடுவேன். யாருக்கும் தெரியாம லிஃப்டை நகர்த்தறது விளையாட்டா?”

“எழுதினது இவங்க இல்ல” என்றார் அக்கா. “எல்லா வரிக்கும் ஒரே நிமிஷம் போட்டிருக்குன்னா, அது எழுதின நேரமே இல்ல. தம்பி, அது என்ன நேரம்?”

“இடம் மாத்தின நேரம் அக்கா. போன வருஷம், புரோகிராமைச் சேர்த்து வைக்கிற பழைய கிடங்குலேர்ந்து புதுக் கிடங்குக்கு எல்லாத்தையும் நகர்த்தியிருக்காங்க. பழைய சரித்திரம் கூட வரலை. தூக்கிட்டு வந்தவங்க பேர் எல்லா வரிமேலயும் விழுந்துடுச்சு. வீடு மாறும்போது சாமான் இறக்கின ஆளையே வீட்டுக்காரர்னு நினைச்சா எப்படி?”

செமிகோலன் முதல்முறையாக வாயைத் திறந்தார். “அன்னைக்கு வேற யாரும் வரலை. லீவு நாள். அதனால என்னைச் செய்யச் சொன்னாங்க.”

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பதினாலு வரி உங்க கண்ணுல எப்படிப் படாம போச்சு?” என்று கேட்டார் அக்கா.

“‘எண்ணெய் போடணுமா’ன்னு ஒரு ஃபங்ஷன், கிளாஸுக்குள்ள ஒரே ஒரு வேலைக்கான துண்டு, மேடம். ஆமா, இல்லைன்னு பதில் சொல்றது மட்டும்தான் அதோட வேலை. பேரை நம்பிட்டேன். உள்ளே நீளமா என்னமோ இருந்தது. பழைய குப்பைன்னு நினைச்சு மூணு வரியில புதுசா எழுதினேன். சோதனை எல்லாம் பாஸாச்சு.”

“சோதனையும் எண்ணெயைப் பத்தி மட்டும்தானே கேட்டிருக்கும்” என்றேன். செமிகோலன் தலைகுனிந்தார். சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா என்னைப் படிக்கச் சொன்னார். பதினாலு வரியையும் வீட்டுத் தமிழில் சொன்னேன். இருபத்தேழாம் கட்டடமா? திங்கள் முதல் வெள்ளி வரையா? கோடையில் அந்த இரண்டு மாதம் இல்லையே? மணி நாலு பத்தா? அப்படியென்றால் காலி லிஃப்டை நாலாவது மாடிக்கு அனுப்பு. வழக்கமாகக் கதவு எட்டு விநாடி திறந்திருக்கும்; இப்போது நாற்பது விநாடி வை. பிறகு நீயாகவே தரைத்தளத்துக்கு இறங்கி வந்து கதவைத் திற. பரீட்சை வாரம் என்றால் மட்டும் பன்னிரண்டு நாற்பதுக்குப் போ.

“பார்த்தீங்களா?” என்றார் முதலாளி. “திருடனுக்கு வழி விட்டிருக்கு.”

“சனி ஞாயிறு லீவு, கோடையில ரெண்டு மாசம் லீவு. இப்படி ஒரு உத்தியோகம் எங்கே கிடைக்கும் சார்? நானே திருடப் போயிடுவேன்.”

“சும்மா இரு தம்பி” என்றார் அக்கா, சிரிக்காமல். “எந்தத் திருடனுக்குப் பரீட்சை வாரம் இருக்கு? இது ஸ்கூல் பிள்ளையோட நேரம்.”

முதலாளி சற்று யோசித்தார். பிறகு மேஜையைத் தட்டினார். “அப்போ தாடிதான். ஆரம்பத்துல என்னோட பார்ட்னர், ஸ்கூல் போற குழந்தை இருக்குன்னு ஒரு தடவை சொல்லியிருக்கான். இந்த கிளாஸையே அவன்தான் முதல்ல எழுதினான். பத்து வருஷம் முன்னாடி ஒரு நாள் சாவியை மேஜையில வெச்சுட்டுப் போயிட்டான்.”

“வீடு எங்கே?”

“தெரியாது.”

“எத்தனை வருஷம் கூட இருந்தீங்க?”

“அஞ்சு வருஷம். பக்கத்து நாற்காலிதான்.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “வீட்டுக்கு வான்னு நானும் கூப்பிட்டதில்ல, அவனும் கூப்பிட்டதில்ல.”

“அவர் எழுதினது இல்ல” என்றார் செமிகோலன்.

எல்லாரும் திரும்பினோம்.

“அவரைத் தெரியுமா?” என்று கேட்டார் அக்கா.

“பார்த்ததில்லை மேடம். ஆறு மாசமா அவர் எழுத்துக்குள்ளதான் குடியிருந்தேன். ஒரு பதிலைத் திருப்பித் தர்றதுக்கு முன்னாடி அவர் ஒரு வரி காலியா விடுவார். எப்பவும். மூச்சு விட்டுட்டுச் சொல்ற மாதிரி. கோபமா இருந்தா வரி குட்டையாயிடும். கீழே போகப் போக பேர் வைக்கிறதுல அலுப்பு தெரியும். இந்தப் பதினாலுல ஒரு காலி வரிகூட இல்ல. அதோட, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துலயே விளக்கம் எழுதியிருக்கு. அனுபவம் உள்ளவங்க யாரும் அப்படி எழுத மாட்டாங்க. புதுசா கத்துக்கிட்டவங்கதான் எழுதுவாங்க.”

ஒரு சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அவருடைய மேஜையை நான் வரும்போதே பார்த்திருந்தேன். ஒரு கோப்பை, ஒரு ஸ்பூன், சுவரைப் பார்த்த நாற்காலி. ஆறு மாதம் அவரோடு பேசிய ஒரே மனிதர் அந்தத் தாடிதான் போலிருக்கிறது, அதுவும் எழுத்தில். எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது.

அக்கா எழுந்தார். “உங்க மென்பொருளை முதல்ல எந்தக் கட்டடத்து லிஃப்ட்ல போட்டீங்க?”

“இருபத்தேழுலதான். அந்தக் கட்டடத்துக்காரங்க சம்மதத்தைத் தாடிதான் வாங்கிட்டு வந்தான்.”

“சொந்த வீட்டு லிஃப்ட்லதான் முதல்ல சோதிச்சுப் பார்ப்பாங்க. அப்போ வீடு தெரிஞ்சுடுச்சு.” வாசலில் நின்று திரும்பினார். “ஆமா, அந்த லிஃப்டுக்கு எடை தெரியுமா?”

“தெரியும். ஆள் அதிகமானா நிக்கணுமே” என்றேன்.

“அதை எங்கேயாவது எழுதி வைக்குமா?”

செமிகோலன் நிமிர்ந்தார். “ஒவ்வொரு பயணத்தையும் எழுதும் மேடம். ஆரம்பத்துலேர்ந்து இருக்கு. யாரும் படிச்சதில்லை.”

“எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களும் வாங்க.”

இருபத்தேழாம் எண் கட்டடத்தைச் சென்றடைந்தபோது மணி மூன்று நாற்பது. ஐந்து மாடி. சாம்பல் நிறச் சுவர். தரைத்தளத்தில் தபால் பெட்டிகள், அவற்றுக்கு எதிரே ஒரு மர பெஞ்ச், பக்கத்தில் லிஃப்ட். பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தோம்.

“எல்லாரும் அந்த லிஃப்ட் யாரை மேலே கொண்டுபோச்சுன்னே பார்த்தீங்க” என்றார் அக்கா. “காலி லிஃப்ட் யாரையும் கொண்டுபோகாது. கூட்டிட்டு வரத்தான் போகும். அந்த நாற்பது விநாடி எதுக்கு? மேஜையை விட்டு எழுந்து, செருப்பு மாட்டி, கதவைப் பூட்டறதுக்கு. தம்பி, கீழே வர்றப்ப எடை எவ்வளவு?”

முதல் வருடத்தை எடுத்தேன். நாலு பத்து. மேலே போகும்போது பூஜ்யம். நாற்பது விநாடி. கீழே வரும்போதும் பூஜ்யம்.

“யாரும் ஏறலையே அக்கா.”

“அதுக்கப்புறம்?”

“தரைத்தளத்துல கதவு திறக்குது. இருபது நிமிஷம் அப்படியே நிக்குது. நாலரைக்கு யாரோ ஏறி நாலாவது மாடிக்குப் போறாங்க. முப்பத்தெட்டு கிலோ.”

“பையோட சேர்த்து” என்றார் செமிகோலன் மெதுவாக.

அந்த வருடம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பள்ளி நாட்கள். நூற்று எண்பத்தேழு நாள் இதே கதை. லிஃப்ட் காலியாகப் போனது, காலியாக வந்தது. முப்பத்தெட்டு கிலோ இருபது நிமிடம் இந்த பெஞ்சில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாக மேலே போயிருக்கிறது. ஆறே ஆறு நாள் மட்டும் கீழே வரும்போது எழுபத்து நாலு. போகும்போது நூற்றுப் பன்னிரண்டு.

“ஆறு நாள் இறங்கி வந்திருக்கார்” என்றேன். “அடுத்த வருஷம்…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

கோடை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். நாலு பத்து. கீழே வரும்போது எழுபத்து நாலு. மறுநாள் எழுபத்து நாலு. அதற்கு மறுநாளும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாலரைக்கு அதே எழுபத்து நாலு தனியாக மேலே போகிறது. முப்பத்தெட்டு கிலோ அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை. பத்து வருடம் விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுபத்து நாலு எழுபதாகி, அறுபத்தாறாகி, கடைசியாகப் புது மென்பொருள் போட்டதற்கு முந்தைய நாள் அறுபத்தொன்று என்று நின்றது.

மடிக்கணினியை மூடினேன்.

“எழுதினது யாருன்னு தெரிஞ்சுடுச்சு” என்றார் அக்கா. “அந்த முப்பத்தெட்டு கிலோ. வாங்க, படியில போலாம்.”

“நாலு மாடி அக்கா!”

“இப்போ லிஃப்ட் மேலே போனா அவர் வேற மாதிரி நினைச்சுடுவார்.”

நாலாவது மாடியில் எதிரெதிரே இரண்டு கதவு. எதைத் தட்டுவது என்று நான் யோசிக்கும்போதே அக்கா இடது பக்கக் கதவைக் காட்டினார். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. வெளியே போய்விட்டு வருகிறவர்கள் கழற்றினால் செருப்பு வீட்டைப் பார்த்துக் கிடக்கும். இது லிஃப்டைப் பார்த்து வைத்திருந்தது.

தட்ட வேண்டியே வரவில்லை. சரியாக நாலு பத்துக்குக் கதவு திறந்தது. மெலிந்த மனிதர். அறுபது இருக்கும். தாடிக்குத் தாடி இல்லை. மழமழவென்று சவரம் செய்திருந்தார். எங்களைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, மூடிய லிஃப்டின் முன்னால் போய் நின்றார். லிஃப்ட் வரவில்லை. அவர் பொத்தானைத் தொடவும் இல்லை.

“அழுத்தினா வரும் சார்” என்றேன், பொறுக்கமாட்டாமல்.

“தெரியும். அதைச் செஞ்சவனே நான்தான்.” திரும்பாமலே பேசினார். “நான் கூப்பிட்டு அது வர்றதும், என்னைக் கூப்பிட அது வர்றதும் ஒண்ணா தம்பி?”

செமிகோலன் முன்னால் வந்தார். “சார், நிறுத்தினது நான்தான். தெரியாம எடுத்துட்டேன். ஃபங்ஷனோட பேரை நம்பிட்டேன்.”

அவர் இப்போது திரும்பினார். செமிகோலனை மேலும் கீழும் பார்த்தார். “என் கிளாஸைப் பிரிச்சது நீங்களா? எத்தனையா பிரிச்சீங்க?”

“முப்பத்தொண்ணு சார்.”

“கதவைத் தனியா எடுத்தீங்களா?”

“முதல் வேலையே அதுதான்.”

“நான் செஞ்சிருக்கணும்” என்றார். “உள்ளே வாங்க.”

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலி முழுக்கப் பழைய செய்தித்தாள். அதில் யாரும் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்கும். அவர் அவசரமாகத் தாள்களை அள்ளிக் கீழே வைத்து அக்காவை உட்காரச் சொன்னார். கேட்காமலே சொல்லவும் ஆரம்பித்தார். பேசுவதற்கு ஆள் கிடைத்த வேகம் அது. எனக்குத் தெரியும் அந்த வேகம்.

“பொண்ணுக்கு அப்போ பன்னிரண்டு வயசு. ஞாயித்துக்கிழமைகள்ல கத்துக் குடுத்தேன். மத்தியானத்துக்கு மேல வீட்டுலேர்ந்துதான் வேலை பார்ப்பேன். ஸ்கூல் விட்டு வந்ததும் கீழேயிருந்து கூப்பிடுவா, கொஞ்ச நேரம் நடந்துட்டு வரலாம்பான்னு. ஒரு நிமிஷம் கண்ணு, இந்த ஃபங்ஷனை முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லுவேன். முடியவே முடியாது. ஒரு நாள் அவளே உட்கார்ந்து அதை எழுதிட்டா. ‘நான் கூப்பிட்டா நீ வரமாட்டே. லிஃப்ட் கூப்பிட்டா வருவே’ன்னா. சிரிச்சுக்கிட்டே உள்ளே சேர்த்தேன். யார் கண்ணுலயும் படாத இடமா பார்த்துத்தான்.”

“கோடையில போயிட்டாங்க” என்றார் அக்கா.

“அவ அம்மா கூட்டிட்டுப் போயிட்டா. தப்பு சொல்லமாட்டேன். இந்த வீட்டுல அவங்க ரெண்டு பேர்தான் இருந்தாங்க, நான் திரைக்குள்ள இருந்தேன்.” சற்று நிறுத்தினார். “ஸ்கூல் திறந்த அன்னைக்கு லிஃப்ட் வந்து கதவைத் திறந்து நின்னுது. ஏறிட்டேன்.”

“அந்தக் குறிப்பு, பிரிக்காதீங்கன்னு…” என்றார் செமிகோலன்.

“பிரிச்சா யாராவது அதைப் பார்த்து எடுத்துடுவாங்க இல்லையா? வேலையை விட்டுப் போறதுக்கு முன்னாடி எழுதி வெச்சேன். அதனாலதான் எல்லாரும் அது மேலயே ஏத்தி ஏத்திப் பூதமாக்கிட்டாங்க. உங்களுக்கு ஆறு மாசம் தண்டனை. மன்னிச்சுக்கங்க.”

பதினோராயிரம் வரிப் பூதம் பதினாலு வரியை ஒளித்து வைக்க வளர்ந்தது! நான் எத்தனையோ கிளாஸைத் திட்டியிருக்கிறேன். இதைத் திட்ட மனம் வரவில்லை.

அக்கா ஐந்து மணிக் கெடுவைச் சொன்னார். செமிகோலனின் வேலையையும் போலீஸையும் சொன்னார். முடிப்பதற்குள் அவர் காகிதத்தை எடுத்துவிட்டார். ‘அந்தப் பதினாலு வரிகளையும் எழுதியது நான்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனார்.

செமிகோலன் காகிதத்தின்மேல் கை வைத்தார். “வேண்டாம் சார்.”

“இது போதும்மா. உங்க மேல விழுந்த பழி போயிடும்.”

“எழுதாததுக்கு என் பேர் விழுந்துதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன். அதே வரிக்கு இன்னொரு பொய்ப் பேர் வேண்டாம். நீங்க எழுதினா காலி வரி விடுவீங்க. எனக்குத் தெரியும்.” கையை எடுக்கவில்லை. “யார் எழுதினாங்களோ அவங்க பேரைப் போடுங்க சார். முப்பத்திரண்டாவதா ஒரு கிளாஸ் நானே எழுதறேன். ஒளிச்சு வைக்காம, அதோட சொந்தப் பேர்ல.”

அவர் வேறொரு காகிதம் எடுத்தார். ‘எழுதியது என் மகள்’ என்று எழுதினார். பக்கத்தில் பெயரை எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அவர் எழுதியது, அவரோடு இருக்கட்டும். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். பேனா அங்கே போய் நின்றுவிட்டது.

“இனிஷியல் உங்களுதுதானே சார்?” என்றேன்.

“அப்போ என்னுதுதான்.” பேனாவைத் தூக்கினார், மறுபடி வைத்தார். “இப்போ தெரியல தம்பி.”

மணி நாலு முப்பத்தைந்து. பகல் முழுக்க எங்களை ஓட ஓட விரட்டிய அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நம்பர் இருக்கா?”

“இருக்கு. போட்டுப் பார்ப்பேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி வெச்சுடுவேன்.”

“இன்னைக்கு வைக்காதீங்க. கேட்டுட்டே எழுதுங்க. நாங்க இருக்கோம்.”

எண்ணை எங்கும் பார்க்காமல் அழுத்தினார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். சின்ன அறை, எங்களுக்கும் கேட்டது.

“யாரு?”

“அப்பா பேசறேன்.”

அவர் காகிதத்தை நேராக்கி வைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. நீ எழுதினியே, அந்த லிஃப்ட் வரி. அதுக்கு உன் பேரை ஒரு காகிதத்துல போட வேண்டியிருக்கு. அதான்… உன் இனிஷியல் இப்போ என்னன்னு கேக்கலாம்னு.”

வெகுநேரம் கழித்து ஓர் எழுத்து வந்தது. ஒரே ஓர் எழுத்து.

அவர் அதைப் பெயருக்கு முன்னால் எழுதினார். வாசல் கதவுப் பெயர்ப்பலகையில் இருந்த அவர் பெயரின் முதல் எழுத்து அல்ல அது. பக்கத்தில் புள்ளியும் வைத்து, கீழே கையெழுத்துப் போட்டு, காகிதத்தைச் செமிகோலனிடம் நீட்டினார். நான் அதைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன்.

போனை அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை. நாங்கள் மூவரும் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் படிவழியாக இறங்கினோம்.